அதிகமாக இருந்த ஒயர்

ஒரு ஒயர் அதிகமாக இருந்தது.

ஆலுவான் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். வயது ஐம்பத்தைந்து. கீலுங் துறைமுகத்து மழைக்காலமோ நட்ட நடு மத்தியானத்தைக்கூட கழுநீர் நிறத்துக்கு மாற்றிவிடும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அப்பாவின் பழைய வால்வு ரேடியோவுக்குள் தலையை விட்டு மறுபடி எண்ணினாள். ஸ்பீக்கருக்கு எந்த ஒயர் எங்கிருந்து வர வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். முப்பத்துநாலு வருடமாகப் புருஷனோடு சேர்ந்து ரிப்பேர் கடை நடத்துகிறவள் அவள். இந்த ஒயருக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பீக்கரில் கிளம்பி, மரப்பெட்டியின் மூலையை ஒட்டிப் பதுங்கி இறங்கி, அடிப்பலகையில் துளைத்த ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. பெட்டிக்கு வெளியே அரை விரல் நீளத்தில் யாரோ அதை வெட்டியிருந்தார்கள்.

ரேடியோ வந்தது போன வாரம். அத்தை செத்துப்போய், பரணைக் காலி செய்த அத்தை மகன் அதை அரிசிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டான். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன அன்று, ரகசியப் போலீஸ் ஆட்கள் புத்தகம், கடிதம், மைக்கூடு வரைக்கும் வாரிக்கொண்டு போனார்கள். ரேடியோவை மட்டும் தொடவில்லை. அதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் அம்மாதான் அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். அப்பா திரும்பி வரவே இல்லை.

அவர் செய்த குற்றம் ஒரே ஒரு பேச்சு. ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, ரேடியோவை அணைத்துவிட்டு, "இவங்க ஆட்டம் ரொம்ப நாள் நடக்காது" என்றார். அப்போது கூடத்தில் இருந்தது மூன்று பேர்: அப்பா, அம்மா, பத்தொன்பது வயது ஆலுவான். அந்தப் பேச்சை எழுத்து மாறாமல் அம்மாவிடம் படித்துக் காட்டினார்கள். சாகும்வரை அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"நீ யார்கிட்டயாவது சொன்னியாடி?"

இல்லை என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த வயதில் அவளுக்கு வாய் ஓயாது. தோழிகளோடு சேர்ந்தால் என்ன பேசுகிறோம் என்றே தெரியாது. எங்கேயோ உளறி அப்பாவைக் கொன்றுவிட்டோம் என்ற நினைப்பு முப்பத்தாறு வருடமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ராணுவச் சட்டம் போய் நாலு வருடம் ஆகியும், காட்டிக் கொடுத்தது யார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் புருஷன் திங்ஹுவாவிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"சின்னப் பொண்ணு நீ. வாய் தவறி வந்திருக்கும். விட்டுடு, ஆலுவான்."

வந்திருக்கும் என்றார். வந்திருக்காது என்று சொல்லவில்லை. அதையும் அன்பு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அப்பாவின் நினைவு நாள். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, அவர் ரேடியோவிலேயே ஒரு பாட்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. திங்ஹுவாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. குப்பையில் கிடக்கும் ஃபேனைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் விடாத மனிதர், சாக்குக்குப் பக்கத்திலேயே வரவில்லை. உள்ளே எல்லாம் செத்திருக்கும், தூக்கிப் போடு என்றார். முகம் பார்க்காத மாமனார் வந்து கன்னத்தில் அறைவார் என்று பயமா என்று அவள் சீண்டியதற்கும் சிரிக்கவில்லை. இப்போது பின்கட்டில் டீக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருக்கிறார். பலகையில் கத்தி விழும் சத்தம் மழையோடு கலந்து வந்துகொண்டிருந்தது.

மெழுகு உருகி வழிந்த பழைய கண்டன்சர்களை மூன்று நாளாக ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புதிது வைத்திருந்தாள். கையெல்லாம் மெழுகும் கரப்பான் எச்சமும் கலந்த வாடை. அந்த உபரி ஒயரையும் கழற்றிவிடலாம் என்று ஸ்பீக்கர் பக்கத்து முனையின் தூசியை நகத்தால் சுரண்டினாள்.

உள்ளே சிவப்பாக ஒரு சொட்டு தெரிந்தது.

ஒயரை இரண்டரைச் சுற்று சுற்றி, ஈயம் வைத்து, சரிபார்த்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக மேலே ஒரு சொட்டு சிவப்பு வார்னிஷ், திங்ஹுவா வைப்பது போலவே. யாராவது வைக்கலாம், இவர் ஒருவரா மெக்கானிக் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் சுற்று இடப்பக்கமாக ஓடியது. இடதுகைக்காரன் சுற்றியது. அவளுக்குப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்த கையை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பா வீட்டுத் தெருவிலேயே கால் வைத்ததில்லை என்று சொன்ன மனிதரின் கை.

அந்த ஒயர் எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சாமான்தான். ரேடியோவை அணைத்த பிறகு, அதிலிருந்து ஒரு ஒயரை வெளியே இழுத்து இன்னொருவன் காதில் மாட்டிக்கொண்டால், பேசுகிற பெட்டி கேட்கிற பெட்டி ஆகிவிடும்.

வேறு ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் தேவலை என்றிருந்தது. கடைப் பழக்கத்தில் கை தானாகப் போய், பாதுகாப்புக்கு வைக்கும் சீரிஸ் பல்பு வழியாக பிளக்கைச் செருகிற்று. பல்பு பளீரென்று எரிந்து மங்கியது. வால்வுகள் ஒவ்வொன்றாக அடிவயிற்றில் சிவந்தன. வறுத்த தூசியின் மணம் எழுந்தது. இரைச்சல், அதற்கு அடியில் தகரக் கூரை மேல் மழை. அவள் கடைக்குத் தகரக் கூரை கிடையாது.

கிண்ணத்தில் சாப்பாட்டுக் குச்சிகள் தட்டும் ஓசை கேட்டது. அம்மாவின் இருமல். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், கொழுப்பெடுத்த குரல்.

"வேர்க்கடலை தூவாத சேப்பங்கிழங்கு ஐஸ் வாங்கிக் குடுக்கிறவனைத்தான் கட்டிக்குவேன், போம்மா."

அப்பா சிரித்தார்.

ஆலுவானுடைய குரல்தான் அது. முதல் தடவை பார்த்த அன்று திங்ஹுவா அவளிடம் நீட்டியது சேப்பங்கிழங்கு ஐஸ். வேர்க்கடலை இல்லாமல். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மனசு சொன்னது என்றார். விதி போட்ட முடிச்சு என்று ஊர் பூராவும் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறாள். பாவி, கேட்டிருக்கிறான். அப்பாவை எழுதிக்கொடுத்த அதே கையால் அவளையும் எழுதி வைத்திருக்கிறான். பழியை அவள் தலையில் கிடக்க விட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறான்.

"இவங்க ஆட்டம் ரொம்ப நாள் நடக்காது" என்றது அப்பாவின் குரல்.

உடனே பென்சில் கீறும் சத்தம். ஸ்பீக்கருக்கு மிக அருகில். கூடவே மூச்சு. உள்ளே இழுக்கும்போது இடது மூக்கில் மெல்லிய விசில் வரும் மூச்சு.

தலையணைக்குப் பக்கத்து மூச்சு.

பிளக்கைப் பிடுங்கினாள். பல்பு அணைந்தது. வால்வுகள் அணையவில்லை.

பின்கட்டில் கத்திச் சத்தமும் நின்றிருந்தது. எப்போது நின்றது?

"மணி மூணு பத்து." ரேடியோவில் ஒரு வாலிபனின் குரல், எழுதிக்கொண்டே முணுமுணுப்பது போல. "மகள் ஒயரைக் கண்டுபிடிச்சுட்டா. சொட்டைப் பார்த்துட்டா. பிளக்கைப் பிடுங்கிட்டா. அழலை."

கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரை நறுக்கினாள். இரண்டு துண்டு.

"ஒயரை நறுக்கிட்டா."

செருப்புச் சத்தம். பின்கட்டிலிருந்து. மெதுவாக.

"வாசலைப் பார்க்கிறா."

பார்த்தாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு திங்ஹுவா நின்றார். எழுபதை நெருங்கும் கிழவர். இரண்டு கையிலும் இரண்டு டம்ளர் இஞ்சி டீ. வாய் இறுக மூடியிருந்தது.

"இப்ப என்னைப் பார்க்கிறா" என்றது அவருடைய குரல், மேசையிலிருந்து.

ஓட வேண்டும். கத்த வேண்டும். முப்பத்தாறு வருடமாக உள்ளே கிடந்தது ஒன்றுதான் வந்தது.

"ஏங்க... நான் சொல்லலதானே?"

அவர் உதடு அசையவில்லை. டீயின் ஆவி முகத்தை மறைத்தது. ரேடியோவுக்குள் விசில் மூச்சு ஒரு தடவை இழுத்து விட்டது. பிறகு பென்சில் கீறத் தொடங்கியது. அவசரமே இல்லாமல், அவள் கேட்டதை எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டது.