பக்கத்தில் ஆள் இருந்தால் அணையும் திரை

எதுவும் கிட்டே வராதபோதே, மேசைமேல் கிடந்த போனின் திரை அணைந்தது.

ரூபினா கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதருகே கொண்டுபோனால் திரை அணைய வேண்டும்; விலக்கினால் எரிய வேண்டும். அதற்கென்று மேல்விளிம்பில் மிளகளவு சென்சார் ஒன்று உண்டு.

பழைய போன்களுக்குப் புது இயங்குதளம் எழுதும் குழுவில் அவளுக்கு வேலை. இந்த மாடலில் சென்சார் உயிரற்றுக் கிடந்தது. எந்தப் பாகத்துக்கு எத்தனை வோல்ட் என்று சொல்லும் கோப்பில், அதன் உச்சவரம்பை யாரோ குறைத்து எழுதியிருந்தார்கள். இன்று காலையில் அவள் திருத்தினாள். அது விழித்துக்கொண்டது.

"சும்மாவே அணையுதுன்னா வோல்ட் கூடிப்போச்சோ? மீட்டர் வச்சுப் பாரும்மா," என்றார் குழுவை நடத்தும் சக்திகுமார், கோவில்பட்டியிலிருந்து.

"பாத்துட்டேன் அண்ணாச்சி. சரியாத்தான் காட்டுது. பழைய அளவுக்கே மாத்திரட்டா?"

"மாத்தினா அது திரும்பத் தூங்கிரும். கிட்டத்துல என்ன இருந்தாலும் தெரியாது. தூசியா இருக்கும், தொடச்சிப் பாரு."

நாகலாபுரத்தின் கடைசி வீடு அது. கணவன் கப்பலுக்குப் போனதிலிருந்து, வெடித்த கரிசல்மேல் புரண்டுவந்து சாத்திய ஜன்னலில் புழுதியை அறையும் நடுப்பகல் காற்றும், மின்விசிறியின் கிறீச்சும், அடுப்படியில் ஆறிக்கிடக்கும் ஒற்றையாள் சமையலின் புளிவாசமும்தான் அவளுக்குத் துணை.

கண்ணாடியைத் துடைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். போனைக் கட்டிலருகே கொண்டுபோனாள், திரை எரிந்தது. வாசலருகே, எரிந்தது. மேசைக்குத் திரும்பினாள். அணைந்தது.

மேசையை ஒட்டி, தன் நாற்காலிக்குப் பக்கத்தில், கணவனின் நாற்காலி காலியாகக் கிடந்தது. போனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மங்கலான அறையில் திரையின் வெளிச்சம் நாற்காலி முதுகில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். வெறும் காற்றுதான்.

அணைந்தது.

பின்னுக்கு இழுத்தாள். எரிந்தது. முழங்கால் உயரத்தில் நீட்டினாள். இருட்டு. நெஞ்சு உயரம். இருட்டு. தோள். அதைத் தாண்டி ஓரமாக நகர்த்தினால் வெளிச்சம். நடுவில் இருட்டு.

கை தானாக மேலே போனது. கழுத்து. மோவாய்.

முகம்.

"ரூபினா? சத்தத்தையே காணோம். என்ன செய்யுத?" போனுக்குள்ளிருந்து சக்திகுமார் கேட்டார். "வீட்ல ஒத்தையிலயா இருக்க?"

நீட்டிய கை அசையாமல் அப்படியே நின்றது.

நாற்காலி முதுகில் வெளிச்சம் விழுந்தது. அணைந்தது. விழுந்தது. அணைந்தது. நிதானமாக.

போனுக்கு எதிரே ஒரு தலை, இல்லை என்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.