காத்திருப்பு வரம்பு: இல்லை

மின்சாரத்தை நிறுத்திப் பத்து நாளான வீட்டுக்குள் ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ஹன்னெலே வாசலிலேயே நின்றுவிட்டாள். பிற்பகல் மூன்று மணிதான். ஆனாலும் வடகோடிக் கயானி ஊர்ப் பக்கத்து டிசம்பர் அதற்குள் இருட்டி, ஏரியும் காடும் ஒரே கறுப்பாகிவிட்டிருந்தன. தூரத்தில் பனி கனத்த கிளை முறிகிற சத்தம், உள்ளேயிருந்து பழைய காபித்தூளும் ஈரக் கம்பளியும் மருந்துக் களிம்பும் கலந்த வாடை, அதற்கெல்லாம் அடியில் கணினி விசிறியின் மெல்லிய உறுமல், ஒரே சீராக, உள்ளே யாரோ வேலையில் மும்முரமாக இருப்பதைப் போல.

சாவியைக் கொடுத்தவள் கெர்த்து, செத்துப்போன தைஸ்தோவின் தங்கை. அரை மணி முன்னால் தன் வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னது தெளிவாக நினைவிருந்தது.

"போலீஸ்காரங்களே மெயின் சுவிட்ச எறக்கி விட்டுட்டாங்கம்மா. நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வந்து அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய எடுத்துட்டுப் போறானாம். உன் கோப்பு ஏதோ இருக்குன்னியே, அதுக்குள்ள எடுத்துக்கோ."

"ரொம்ப நன்றிங்க."

"என்ன பெரிய நன்றி? உன்னப் பத்திப் பேசாத நாளில்ல அண்ணன். 'ராட்சசி, ஆனா கெட்டிக்காரி, அவ எழுதுனா தப்பா இருக்காது'ம்பான்."

ஹன்னெலே சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கோப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது. அவள் வந்தது அழிப்பதற்கு.

அவளும் தைஸ்தோவும் 'கோர்பி' என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கட்டிக்காத்தவர்கள். கட்டிக்காத்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். கணினி எழும்போது பட்டியலில் உள்ள டிஸ்குகளை ஒவ்வொன்றாகத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். ஒன்று வரவில்லையென்றால்? ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு எழுந்துவிடுவது பழைய வழக்கம். ஹன்னெலே மாற்றச் சொன்னாள். ஒன்று குறைந்தாலும் எழக்கூடாது. வரும்வரை காத்திருக்க வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தந்தால் மட்டும் மேலே போகலாம். இல்லாவிட்டால் தரவு தப்பான இடத்தில் எழுதப்பட்டு நாசமாகும். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தைஸ்தோ கோர்பியின் மின்னஞ்சல் குழுவில் எழுதினார்: "என் வீட்டச் சூடாக்குற கொதிகலன ஓட்டுறதே இந்தப் பெட்டிதாம்மா. மீன் புடிச்ச போட்டோ வெச்சிருக்கிற டிஸ்க் செத்துப்போச்சுன்னா, நான் எதுக்குக் குளிர்ல சாகணும்?"

"உங்க வீட்டுக் கொதிகலனுக்காக ஊரே நிக்காது தாத்தா" என்று பதில் போட்டாள். அறுபத்திரண்டு வயதுக்காரரைத் தாத்தா என்றதற்குப் பன்னிரண்டு பேர் சிரிப்புக்குறி வைத்தார்கள்.

கோர்பியில் ஓட்டெடுப்பு கிடையாது. மாற்றத்தை முன்வைத்து ஏழு நாள் யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு. தைஸ்தோ இடுப்பு அறுவைக்கு ஆஸ்பத்திரியில் படுத்த அன்று காலை, தெரிந்தே, அவள் அந்த ஏழு நாளைத் தொடங்கினாள். எட்டாம் நாள் மாற்றம் எல்லார் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் அவர் வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்து மரம் சாய்ந்து மின்சாரம் போனது, அரை மணியில் வந்தும்விட்டது. போட்டோ டிஸ்க் மட்டும் வரவில்லை. பெட்டி எழவில்லை, கொதிகலன் எரியவில்லை. கைபேசிக் கோபுரம் படுத்துக் கிடந்தது. விறகு வெளிக்கொட்டகையில் இருந்தது, நடக்க முடியாதவருக்கு இருபதடி தூரத்தில். வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

எல்லாம் அந்தப் பெட்டியின் பதிவேட்டில் மணி நிமிடத்தோடு இருக்கும். இன்சூரன்ஸ்காரன் படித்தால் அந்தச் சாவில் ஹன்னெலேயின் பெயர் இருக்கும்.

கைவிளக்கோடு உள்ளே போனாள். முதலில் மின்பலகையைத் திறந்து பார்த்தாள். மெயின் இறங்கித்தான் இருந்தது. மாற்று பேட்டரி இருக்கும், அதில் ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்த பேட்டரியும் பத்து நாள் தாங்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

மேசை மேல் திரை எரிந்தது. ஒரே ஒரு வரி.

டிஸ்குக்காகக் காத்திருக்கிறது. பதின்மூன்று நாள், இரண்டு மணி, நான்கு நிமிடம். வரம்பு இல்லை.

வரியின் ஒவ்வொரு எழுத்தும் அவள் எழுதியது. கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து எழுப்பி, பதிவேட்டைத் திறந்தாள். சீக்கிரம் முடித்துவிட்டுக் காருக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

கடவுச்சொல் தவறு, மாலை ஆறு பத்து.

கடவுச்சொல் தவறு, ஆறு பதினொன்று.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் இங்கே வந்திருக்கிறார். வீடு குளிர்ந்துபோன பிறகு, அறுத்த இடுப்போடு கட்டிலிலிருந்து தவழ்ந்து வந்து, இதே நாற்காலியில் ஏறி, தன் சொந்தக் கடவுச்சொல்லைத் தட்டியிருக்கிறார். முதலில் நிமிடத்துக்கு ஒன்று. ஆறரைக்கு மேல் அரை மணிக்கு ஒன்று. மறதி இல்லை. விரல். விறைத்த விரல் தட்டினால் ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். நாற்பத்தோரு முறை. கடைசி, விடியற்காலை மூன்று பன்னிரண்டு.

"அய்யோ தைஸ்தோ," என்றாள். "என்ன மன்னிச்சிருங்க."

சொன்ன கையோடு அழித்தாள்.

திரை ஒருமுறை இமைத்தது. கோப்பு அங்கேயே இருந்தது. ஒரு வரி கூடியிருந்தது.

கடவுச்சொல் தவறு, மூன்று இருபது.

விடியற்காலை அல்ல. பிற்பகல். இன்றைய தேதி.

மறுபடி அழித்தாள். கோப்பு வந்தது. இப்போது தவறு நாற்பத்து மூன்று. பென் டிரைவைப் பிடுங்கினாள். பெட்டியின் பின்னால் கைவிட்டு மின்கம்பியையும் பிடுங்கினாள். அது ஏற்கெனவே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

விசிறி ஓடியது. திரை எரிந்தது.

கடவுச்சொல்?

எழ வேண்டும். கால் எழவில்லை. குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது, எப்போது ஏறியது என்று தெரியவில்லை. அவள் மூச்சு வெள்ளையாக வந்து திரையில் மோதியது. காது கொடுத்துக் கேட்பதற்காக மூச்சை அடக்கினாள்.

வெள்ளை மூச்சு நிற்கவில்லை.

அவள் தோளுக்கு மேலிருந்து வந்தது. நிதானமாக. மருந்துக் களிம்பு வாடையோடு.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கீழே மட்டும் பார்த்தாள். விசைப்பலகையில் அவள் கைகள் இருந்தன. அவற்றின் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு கைகள். வளையாத விரல்கள், நகம்வரை கறுத்தவை. ஒரு விரல் மெல்ல இறங்கி, அவள் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்து, முதல் எழுத்தின் மேல் வைத்து அழுத்தியது.