மட்கார்டில் ஒரு தண்ணி ஓட்டை

துரு எப்போதும் கீழேயிருந்துதான் தின்னும். தண்ணீர் தேங்குகிற மூலையில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். அந்தப் பழைய காரின் பின் மட்கார்டை மட்டும் அது உட்பக்கம் முழுக்க ஒரே சீராகத் தின்றிருந்தது. வெட்டியெடுத்த தகட்டை டிங்கர் புரட்டிப் பார்த்தான். துருவுக்கு அடியில் கீறல்கள். நாலு நாலாக, கரண்டியால் வழித்த சட்டிபோல.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். "எலி குடித்தனம் நடத்தியிருக்கும்," என்றாள் அவள். "வீட்டுக்காரன் கதவைப் பூட்டிட்டுப் போயிட்டான் போல. பாவம், சுவரைப் பிராண்டியிருக்கு."

எலி நுழைய வழியே இல்லை, அதுதான் அவனை உறுத்தியது. மட்கார்டின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு தண்ணி ஓட்டை விடுவது வழக்கம், மழைநீர் வடிந்துபோக. முன்பு இதில் கைவைத்தவன் எவனோ அந்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்திருந்தான். அங்கங்கே ஒட்டினால் போதும் என்கிற இடத்திலும் இடைவெளி விடாமல் சுற்றிச் சுற்றி ஓட்டியிருந்தான், உள்ளேயிருந்து காற்றுக்கூட வந்துவிடக் கூடாது என்பதுபோல. பற்றவைத்த கை நடுங்கியிருந்தது, கோடே சொன்னது. ஓட்டையை அடைத்தால் வண்டி உள்ளுக்குள்ளேயே அழுகும் என்று தெரியாத மடையன் என்று அவன் திட்ட, மடையர்கள் இல்லாவிட்டால் நமக்கு ஏது வேலை என்றாள் அவள்.

தகடு போன இடம் பல் பிடுங்கிய வாய்போலத் திறந்து கிடந்தது. ஈர இரும்பு வாசனை. பக்கத்தில் போனால் நாக்கில் ரத்தச் சுவை தட்டியது.

இருவர் சேர்ந்து செய்கிற வேலை அது. அவன் வெளியே சுத்தியலோடு நிற்பான். அவள் டிக்கிக்குள் ஒருக்களித்துப் படுத்து, உள்பக்க இடுக்கு வழியாகக் கையை விட்டு, டாலியைத் தகட்டின் முதுகில் அழுத்திப் பிடிப்பாள். டாலி என்பது கைக்கடங்கிய இரும்புக் கட்டி; பின்னால் அது தாங்கினால்தான் அடிபட்ட தகடு குழியாமல் படியும். சுத்தியல் சத்தத்தில் அவன் காது பாதி போய்விட்டதால் பேச்செல்லாம் தட்டுதான். அவன் ஒன்று தட்டினால், நகர். அவள் இரண்டு தட்டினால், நிறுத்து. ஒருமுறை அந்த இரண்டு தட்டுக்கு முன்பே சுத்தியல் விழுந்து அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் பாதி போயிற்று, அப்புறம் முளைக்கவேயில்லை. இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது என்பார்கள், உங்கள் கை என் கையையும் சேர்த்தல்லவா தின்கிறது என்று இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

புதுத் தகட்டில் தண்ணி ஓட்டையை அவனே துளைத்து, அரம் போட்டு வழவழப்பாக்கினான். பொருத்தி, கேஸ் வெல்டிங்கில் விளிம்பைப் பற்றவைத்தான். அவள் டிக்கிக்குள் ஏறினாள்.

மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. சாரல் அடிக்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிய நேரம் கரண்டும் போயிற்று. மழை இரைச்சலில் சுத்தியல் சத்தம்கூடக் கேட்கவில்லை, விரலால்தான் கேட்டான்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. டாலி அப்படி ஓடியது. நகர் என்று அவன் தட்டுமுன் அது அடுத்த இடத்தில் இருந்தது. மலையில் அடிப்பதுபோல ஆடாத தாங்கல். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் அவள் கை தளரும், தகடு சிணுங்கும். இன்று தளரவில்லை. மழை தூறலாகத் தணிந்தபோது அடித்து முடித்துத் தடவிப் பார்த்தான். பற்றவைத்த சூடு இருக்க வேண்டிய தகடு, கிணற்றுக் கல்போலச் சில்லிட்டிருந்தது.

அவள் இறங்கி வந்து பின்னால் நின்றாள். முடிந்தது என்றாள்.

அவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிக்கிக்குள் குனிந்து, அவள் கை விட்டிருந்த இடுக்கை மூட ஒரு துண்டுத் தகட்டை வைத்துச் சுற்றிப் பற்றவைத்தான். கண்ணாடிக்குள் சுடரைத் தவிர எதுவும் தெரியாது. தகடு ஒருமுறை உள்ளேயிருந்து தூக்கியது. சூட்டில் நெளிகிறது என்று முழங்கையால் அமுக்கிக்கொண்டான்.

சுடரை அணைத்து வெளியே வந்து மட்கார்டில் கை வைத்தான்.

இரண்டு தட்டு.

மழை என்று நினைத்தான். உள்ளங்கையை அழுத்தினான். இரண்டு. நின்று, மறுபடி இரண்டு.

திரும்பினான். அவள் அங்கேயே நின்று துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாலி எங்கே?"

"உள்ளேயே இருக்கட்டும்."

ஒரு திருகாணி விழுந்தாலும் தேடி எடுக்காமல் சாப்பிட உட்கார மாட்டாள் அவள்.

சுத்தியல் காம்பால் பக்கத்து வேலைப் பலகையில் இரண்டு தட்டினான். நிறுத்து. தூக்கத்தில் கேட்டாலும் அவள் கை அப்படியே நிற்கும்.

நிற்கவில்லை. துடைத்துக்கொண்டேயிருந்தது. துடைக்கத் துடைக்கச் செந்தூள் உதிர்ந்தது. துணியில், தரையில், அவள் பாதத்தில். கையை உயர்த்தி அவனுக்குக் காட்டினாள், சுத்தமாகிவிட்டதா என்று கேட்பதுபோல.

நகங்கள். எல்லாம் முழுசாக.

இரண்டு தட்டு. இப்போது கீழே.

அவன் குனிந்தான். மட்கார்டின் அடியில், அவன் அரம் போட்டு வழவழப்பாக்கிய ஓட்டையில், ஏதோ வெளுப்பாக அசைந்தது.

பின்னால் கேஸ் சீறியது. குப்பென்று சுடர் பிடித்தது. தோளுக்கு மேலே நீலவெளிச்சம் நீண்டு வந்தது, கூடவே ஈர இரும்பு வாசனை.

"அந்த ஓட்டையையும் அடைச்சிடுங்க."

வெளிச்சத்தில் தெரிந்தது. விரல் நுனி. பாதி நகம். அது ஓட்டையின் விளிம்பைத் தடவி, அவன் அரம் போட்ட இடத்தை அடையாளம் கண்டுகொண்டதுபோல ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு தகட்டில் மெல்லத் தட்டியது.

ஒன்று. இரண்டு.