கதவைத் திறக்க வேண்டியவர்

ஒடெஸ்ஸா புரூயிட்டின் துப்பறியும் அலுவலகக் கதவை யார் தட்டினாலும் எழுந்துபோய்த் திறப்பது லைல் ஹாக்கெட்தான். கதவுக் கண்ணாடியில் எழுதியிருந்தது என்னவோ ஒடெஸ்ஸாவின் பெயர் மட்டும். பத்திரிகையில் வருவதும் அவள் பெயர் மட்டும். செனட் கட்டடத்தில் காவல் நின்றே தலை நரைத்துப்போன லைலுக்கு இது தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி. வெளியே சொன்னதில்லை.

அன்று காலை தட்டியவர் நீதிபதி கோரா வின்ஸ்லோ. உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் முன்மொழிந்திருந்த அம்மாள். நாலு நாளாக செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாமலே பதில் சொன்ன முகத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது.

"நாளைக்குக் காலையில குழுவில ஓட்டு," என்றார் கோரா. "நேத்து யாரோ குழு ஆபீசுக்கு போன் பண்ணியிருக்காங்க. பேரு சொல்லல. குரலையும் எதையோ வச்சு மாத்தியிருக்காங்க. படிப்பு முடிச்சதும் நான் அதே உச்ச நீதிமன்றத்துல ஒரு நீதிபதிக்கு உதவியாளரா இருந்தேன். அப்போ ஒரு தீர்ப்பை முன்கூட்டியே வெளியில சொல்லிட்டேனாம். கூட வேலை பார்த்தவங்களே சொல்றாங்களாம். அதுக்கு மேல என்கிட்ட விவரம் தர மாட்டேங்குறாங்க."

"செஞ்சீங்களா ஜட்ஜம்மா?" என்றான் லைல்.

கோரா அவனை நேராகப் பார்த்தார். "இல்ல. ஆனா ஸ்டைல்ஸ்னு ஒரு செனட்டர் ரெண்டு மனசா இருக்கார். அவர் ஓட்டு போச்சுன்னா எல்லாம் போச்சு. பேரும் சேர்ந்து போகும்."

லைலுக்கு இந்தச் சடங்கின் மேலேயே நம்பிக்கை கிடையாது. அவன் எத்தனையோ விசாரணைகளுக்கு வாசலில் நின்றவன். கேட்பவனுக்குப் பதில் வேண்டாம், தன்னைப் படம் பிடித்தால் போதும். பதில் சொல்பவர் ஒன்றும் சொல்லாமலிருக்க வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். கடைசி நேரத்தில் முகம் தெரியாத எவனாவது சேற்றை வாரி அடிப்பான். துடைக்க நேரம் இருக்காது.

"பூட்டின அறையில நாலு பேர் கூடி ஆளை முடிவு பண்றதைவிட இது மேல், லைல்," என்றாள் ஒடெஸ்ஸா படியிறங்கும்போது. அவள் முன்பு மத்தியப் புலனாய்வுத் துறையில் இருந்தவள். நீதிபதியாகப் போகிறவர்களின் அக்கம்பக்கத்தை விசாரிப்பதே அவள் வேலை. "இங்க எல்லார் முன்னாடியும் உக்கார வச்சுக் கேக்குறாங்க."

"கேக்குறாங்க. கேட்டு என்ன கண்டாங்க?"

குழுவின் உதவியாளனை செனட் சாப்பாட்டு அறையில் பிடித்தார்கள். என்றைக்கும் போல அன்றைக்கும் பீன்ஸ் சூப். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போனில் கேட்டதை அப்படியே ஒப்பித்தான்.

"நல்ல மழை நாளாம். ஒன்பது நீதிபதிகளும் தனியா உக்காந்து வழக்கை முடிவு பண்ற அறை இருக்குல்ல, அந்தக் கதவை, கூட வேலை பார்த்ததா சொல்லிக்கிட்ட இந்த போன் ஆளு போய்த் தட்டினாராம். கோராதான் உள்ளேருந்து திறந்தாங்களாம். ஆம்பளை மழைக்கோட்டு ஒண்ணு, கையை மடிச்சு விட்டுப் போட்டிருந்தாங்களாம். கையில நீதிபதிங்க போட்ட ஓட்டெல்லாம் குறிச்ச தாள். அன்னைக்கே விஷயம் வெளிய போயிடுச்சாம்."

"இதை நீங்க சரிபார்த்தீங்களா?"

"நாளைக்கு ஓட்டு மேடம்," என்றான் அவன், அதுவே பதில் போல.

கோராவோடு அந்த வருடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். நடீன் ஃபோகல் பெரிய வக்கீல். ராய்ஸ் டில்லரி, கோராவைப் போலவே நீதிபதி. அதிபரின் கையில் கடைசி வரை இருந்த இன்னொரு பெயர் அவருடையது. இருவரும் நடீனின் அலுவலகத்தில் ஒன்றாகவே இருந்தார்கள்.

"பொறாமையான்னு கேக்கத்தானே வந்தீங்க?" என்றார் டில்லரி. "ஆமா, வயிறு எரியுது. அவ பேரை டிவியில கேட்டா சேனலை மாத்துறேன். ஆனா அவளைத் திட்டணும்னா அவ எழுதின தீர்ப்புகளே எனக்குப் போதும். பொய் எதுக்கு?"

லைல் மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டான். இந்த ஆள்தான். வயிறு எரிபவனை வயிறு எரிபவனுக்குத் தெரியும்.

ஒடெஸ்ஸா மட்டும் சம்பந்தமில்லாமல் எதையோ கேட்டாள். "உங்க பெரியவர், அந்த நீதிபதி, எப்படிப்பட்டவர்?"

நடீன் சிரித்தாள். "சிடுமூஞ்சி. ஒன்பது பேர்ல அப்போ அவர்தான் புதுசு. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் திறந்து திறந்து முட்டி தேஞ்சு போச்சுன்னு புலம்புவார்."

"ஈரம் சொட்டினா அதைவிடக் கத்துவார்," என்றார் டில்லரி. "மழைன்னா கீழேயே கோட்டைக் கழட்டி மாட்டிட்டுத்தான் மாடி ஏறணும்."

"கோராகிட்ட ஆம்பளைக் கோட்டு இருந்துச்சா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி எதையும் பார்த்ததாக நினைவில்லை என்றார்கள். மாலையில் கோராவின் வீட்டுக்கு வரச் சொன்னதற்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே கதவைத் திறந்தவர் கோராவின் கணவர் ஏமஸ். சட்டக் கல்லூரியில் பேராசிரியர். உயரமான மனிதர், நல்ல பேச்சு.

"வாங்க போலீஸ்காரரே. இந்த வீட்டுல ஜட்ஜுக்கு மணி சத்தம் கேக்காது. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்தான் வாசல் காவல்."

லைலுக்கு அவரை உடனே பிடித்துப்போனது. உள்ளே போகும்போது கொக்கியில் நீளமான பழைய மழைக்கோட்டு ஒன்று தொங்குவதைப் பார்த்தான். பார்த்ததும், உதவியாளன் சொன்னது ஞாபகம் வந்தது. ஒடெஸ்ஸாவுக்கு முந்திக்கொண்டோம் என்ற குஷியில் அவள் காதைக் கடித்தான்.

"கோட்டு நெஜம். அப்போ அந்த ஆளு சொன்னதும் நெஜம். ஜட்ஜம்மா நம்மள ஏமாத்திட்டாங்க."

"கோட்டு நெஜம்தான்," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒடெஸ்ஸா கையைக் கட்டிக்கொண்டு, போனில் வந்த கதையை முழுதாகச் சொன்னாள். கோரா கதவைத் திறந்தார் என்ற இடத்தில் நடீன் புருவத்தைத் தூக்கினாள். டில்லரி வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"ஏன் சிரிச்சீங்க?"

"உதவியாளர் அந்த அறைக்குள்ள காலையே வைக்க முடியாதும்மா. ஒன்பது பேரைத் தவிர ஈ எறும்பு உள்ள போகாது. யாராவது தட்டினா கடைசியா பதவிக்கு வந்த நீதிபதி எழுந்து போய்த் திறக்கணும். அந்தக் கோர்ட்டு வழக்கம் அது. எங்க பெரியவர் முட்டி தேஞ்சது அதுலதான்."

"அங்க ஒரு நாள் வேலை பார்த்தவருக்கும் அது தெரியும்," என்றாள் ஒடெஸ்ஸா. "அதனால போன் பண்ணினது நீங்க ரெண்டு பேரும் இல்ல. உள்ளே என்ன நடக்கும்னு அந்த ஆளுக்குத் தெரியாது. ஆனா கோரா எந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போனாங்கன்னு தெரியும். கூட வேலை பார்த்தவங்க கண்ணுலகூடப் படாத கோட்டு அது, கீழேயே கழட்டியாச்சு. அப்போ மழையில வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்ட ஆளு. தன் கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு, நனைஞ்சுக்கிட்டு வெளியே நின்ன ஆளு."

கோரா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"குழு ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு இந்த வழக்கம் தெரியாதா?" என்றான் லைல். அந்தப் பார்வையைத் தாங்காமல் கேட்ட கேள்வி.

"ஒருத்தர்கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிய வேணாம்னு இருந்தாங்க."

ஏமஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே நீதிபதிகிட்டதான் வேலை கேட்டோம். அவளை எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு நான்தான் கேக் வாங்கிட்டு வந்தேன். அப்புறம் அவ ஜட்ஜ் ஆயிட்டா, நான் ஜட்ஜோட புருஷன் ஆனேன். இவ அந்தக் கோர்ட்டுல உக்காரக் கூடாதுன்னு இல்ல. ஒரே ஒரு தடவை, இவகிட்டயும் யாராவது 'வேணாம்'னு சொல்லட்டும்னு இருந்துச்சு."

அந்த வார்த்தை லைலின் நெஞ்சில் போய் விழுந்தது. போன வாரம்தான் ஒரு பத்திரிகைக்காரனுக்கு போன் போட எண்ணைச் சுழற்றிவிட்டு, மணி அடிக்கும் முன் வைத்திருந்தான். ஒடெஸ்ஸா சொதப்பிய ஒரு பழைய வழக்கைச் சொல்வதற்காக.

"குழுவோட ஆளை இங்க வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் ஒடெஸ்ஸா. "போன் பண்ணினவர் அந்தக் கோர்ட்டுல வேலையே பார்க்காதவர்னு மட்டும் சொன்னாப் போதும். பேரு வேண்டாம்."

"பேரு கேப்பாங்க," என்றார் கோரா. "கேட்டா சொல்லுவேன். நாலு நாளா 'இதைப் பத்திப் பேச முடியாது'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே என்னைப் பிடிக்கல."

வாசல் மணி அடித்தது. பழக்கத்தில் ஏமஸ் பாதி எழுந்தார்.

"உக்காரு ஏமஸ்," என்று கோரா எழுந்தார். "நான் திறக்கிறேன். நாளைக்கு ஓட்டு விழுந்தா அங்க எனக்கு அதுதானே வேலை."

மறுநாள் ஓட்டுக்கு முன்னால் அவரை மறுபடி உட்காரவைத்து, போன் பண்ணியது யார் என்று கேட்டார்கள். அவர் இரண்டே வார்த்தையில் சொன்னார்: "என் கணவர்." பிறகு எல்லோரும் கட்சி சொன்னபடிதான் கை தூக்கினார்கள், ஸ்டைல்ஸ் ஒருவரைத் தவிர. அவர் தன் கட்சியை விட்டுவிட்டு கோராவுக்குப் போட்டார். வெளியே வந்து, "அந்தம்மா இத்தனை நாள்ல நேராப் பதில் சொன்ன கேள்வி அது ஒண்ணுதான். அதுக்காகப் போட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சூப் குடிக்கப் போனார்.

லைல் அலுவலகத்துக்கு வந்து, கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றான்.

"ஒடெஸ்ஸா, இந்தக் கண்ணாடியில என் பேரும் இருக்கணும். இல்லேன்னா நான் கெட்டுப்போயிடுவேன்."

அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் வாயைத் திறந்து கேக்குறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று கேட்டுவிட்டு, எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாள்.