அக்காவின் சைக்கிள் மூட்டை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் பல் தேய்க்கலாம்.

பொடிசின் அக்கா நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பயிற்சி மாஸ்டர் கறாரான ஆள்.

"பயணத்துல எதைக் கொண்டு போறீங்களோ, பயிற்சியிலயும் அதைச் சுமக்கணும். ஞாயித்துக்கிழமை மூட்டையோட பாலம் ஏறிக் காட்டுங்க. நடுவுல காலை ஊன்றினா பேரை அடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா கட்டிய மூட்டை சின்னதுதான். மாற்று உடை, தண்ணீர், காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள்.

வீட்டில் சும்மா விடுவார்களா?

குழாய் வேலை பார்க்கும் அப்பா, கால் நீளத்துக்கு ஒரு ஸ்பேனரை உள்ளே வைத்தார். "போற வழியில யார் வீட்டுக் குழாயாவது ஒழுகினா?"

தையல் வேலை செய்யும் அம்மா, கையால் சுற்றும் தையல் மிஷினைத் திணித்தார். "நடுவழியில சட்டை கிழிஞ்சா?"

சலவைக் கடைச் சித்தப்பா, கடையிலேயே கனமான இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். "கசங்கின சட்டையோட போய் நின்னா நம்ம மானம் என்ன ஆவுறது?"

"வேண்டாம்னு சொல்லேன்க்கா" என்றாள் பொடிசு.

"ஆசையா வைக்கிறாங்கடி. எப்படிச் சொல்றது?"

சனிக்கிழமை காலை அக்கா மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதித்தாள். சைக்கிளின் முன்சக்கரம் ஜிவ்வென்று மேலே எழுந்தது. மாடி ஜன்னலில் இருந்த பூனை அதைக் காலால் தட்டிப் பார்த்தது. காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, கூடு கட்ட இடம் போதுமா என்று யோசித்தது.

பாலத்தின் அடியிலேயே அக்கா காலை ஊன்றிவிட்டாள்.

"நாளைக்கு என் பேர் போச்சு" என்று வீட்டுக்குத் திரும்பி மாடிப் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டால் பெரியவர்கள் மனம் நோகும். போதாக்குறைக்கு, மறுபடியும் வைத்துவிடுவார்கள். பொடிசு நகத்தைக் கடித்தாள். பிறகு நாலாவது மாடியில் இருந்த வீட்டை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் கீழ வாங்களேன்! அக்கா களைச்சுப் போயிட்டா. ஆளுக்கு ஒரு மாடி மூட்டையைத் தூக்குங்க!"

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அப்பா மூட்டையைத் தோளில் ஏற்றினார். முதல் மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள என்ன, கல்லா?"

"உங்க ஸ்பேனர்ப்பா."

அப்பா தலையைச் சொறிந்தார். "எல்லா ஊர்லயும் குழாய்க்காரன் இருப்பான்ல?" என்று தானே அதை வெளியே எடுத்தார்.

இரண்டாவது மாடியில் சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இப்பல்லாம் கசங்கின சட்டைதானே அழகு!" இஸ்திரிப் பெட்டியும் வெளியே வந்தது.

மூன்றாவது மாடியில் அம்மா, "ஊசியும் நூலும் போதாதா என்ன?" என்றார்.

நான்காவது மாடிக்குப் பொடிசே மூட்டையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் அக்கா கால் ஊன்றாமல் பாலம் ஏறினாள். இறங்கிய வேகத்தில் மாஸ்டரின் தொப்பி அவள் பின்னாலேயே பறந்தது. தொப்பியைத் துரத்திக்கொண்டே மாஸ்டர் அவள் பேருக்கு நேரே டிக் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பொடிசைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

சொன்ன அத்தனையும் சத்தியம்தான்; சொல்ல மறந்தது ஒன்றே ஒன்று: பொடிசு அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்கா, தங்கை யாரும் கிடையாது.