மூன்றாம் பூச்சு

கூரையைக் கழுவிவிட்ட அரை மணி நேரத்தில் எல்லா இடமும் காய்ந்து வெளுத்துவிட்டது. நடுவில், ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு மட்டும் ஈரம் அப்படியே இருந்தது.

செல்லப்பன் போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தான். ஒழுகும் கூரைகளை அடைப்பதுதான் அவன் பிழைப்பு. சிங்கப்பூரில் பதினொரு வருஷம் அடுக்குமாடிகளின் உச்சியில் அந்த வேலையைப் பழகி, பிறகு சொந்த ஊரான செடெனாக்குக்குத் திரும்பி, பழைய வேன் ஒன்றை வாங்கி, அதன் பக்கவாட்டில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, தனியாளாகச் செய்துகொண்டிருந்தான். தண்ணீர் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று அவனுக்குத் தெரியும். ஓர் இடத்தில் இறங்கி, உள்ளே கம்பியோடு ஓடி, பத்தடி தள்ளி வேறோர் இடத்தில் சொட்டும். ஆனால் இங்கே பள்ளம் இல்லை, வெடிப்பு இல்லை. வீடு இருந்த பெக்கான் நானாஸ் பக்கம் பன்னிரண்டு நாளாக மழையும் இல்லை. குனிந்து கை வைத்தான். சுற்றிலும் சிமெண்டு கை வைக்க முடியாமல் சுட்டது. அந்த ஈரம் மட்டும் சுடவில்லை, குளிரவும் இல்லை. தூங்குகிற ஒருவரின் முதுகைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு.

கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வீடு ஊருக்கு வெளியே, அன்னாசித் தோட்டத்தை ஒட்டித் தனியாக நின்றது. முன்பக்கம் ஓடு. பின்னால் சேர்த்துக் கட்டிய சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் மேலே மட்டும் தட்டையான கான்கிரீட் கூரை. மேலே போகப் படி கிடையாது. அவன் கொண்டுவந்திருந்த அலுமினிய ஏணிதான் வழி. அந்த வீட்டில் சுபத்திரா டீச்சர் தனியாக இருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். சாப்பாட்டு மேசையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, அறையின் நடுவில் ஒரு பேசினை வைத்திருந்தார். மேலே பழுப்பு வட்டம். அதிலிருந்து சொட்டு, நின்று நின்று, விழுந்துகொண்டிருந்தது.

"எப்பலேருந்து ஒழுகுது, டீச்சர்?"

"நாலஞ்சு வருஷமா. எத்தன கோட் அடிப்பீங்க, தம்பி?"

"வெடிப்புக்கெல்லாம் முதல்ல சீலண்ட். அதுக்கு மேல நார்வலை. அப்புறம் மூணு கோட். பத்து வருஷம் கேரண்டி."

"மூணு போதுமா?"

"யானை நடந்தாலும் கிழியாது லா" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"சாயந்தரம் போகும்போது ஏணிய வேன்ல ஏத்திட்டுப் போயிடுங்க. இங்க சாய்ச்சு வெக்காதீங்க."

"திருடன் பயமா?"

அவர் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டினார். பேசினை அலம்பினார். மறுபடியும் அலம்பினார்.

அன்று பிற்பகல் முழுவதும் கேஸ் நெருப்பைக் காட்டி அந்த ஈரத்தைக் காய வைத்தான். புகைபோல ஏதோ எழுந்து கலைந்தது. பழைய தாரும் சுருட்டும் கலந்த வாடை அடித்தது. நான்கு மணிக்கு ஒருவழியாகச் சிமெண்டு சாம்பல் நிறத்துக்கு வந்தது. சுவரும் கூரையும் சேருமிடத்தில் சீலண்டைப் பிதுக்கி விரலால் வழித்துவிட்டு, நார்வலையை விரித்து, முதல் பூச்சை ரோலரால் ஓட்டினான். கூரை பால்போல வெளுத்தது. கீழே சொட்டு நின்றிருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, காலியான பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏறிப் பார்த்தபோது வெள்ளையின் நடுவில் ஒரு கொப்புளம் இருந்தது.

தட்டளவு பெரியது. அவனுக்குக் கோபம்தான் வந்தது. அடியில் ஈரம் தங்கிவிட்டால் வெயிலில் சூடாகிப் பூச்சைத் தூக்கும், எல்லாக் கூரையிலும் நடப்பதுதான். அறுத்து, காய வைத்து, ஒட்டுப்போட வேண்டும். இறங்கி, வேனிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பியவனைச் சமையலறை வாசலில் டீச்சர் நிறுத்தினார்.

"கத்தி எதுக்கு?"

"சின்ன கொப்புளம் ஒண்ணு. ஆவிதான் டீச்சர். அறுத்து விட்டா வெளிய போயிடும்."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தான். வாசல் நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அறுக்க வேணாம். அது மேலயே இன்னொரு கோட் அடிங்க."

"அப்படிச் செஞ்சா நிக்காது. நாளைக்கு என் பேர்தான் கெடும்."

"கேரண்டி வேணாம், தம்பி. கேக்க மாட்டேன். அடிச்சுடுங்க."

இருபது வருஷத்தில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. மனமில்லாமல்தான் ஏறினான். ரோலரைக் கொப்புளத்தின் மேல் அழுத்தி உருட்டியபோது அது அமுங்கியது. அமுங்கிய இடத்திலிருந்து, ரோலரின் நீண்ட பிடி வழியாக, மெல்ல ஓர் எதிர் அழுத்தம் அவன் உள்ளங்கைக்கு வந்தது. நிறுத்தினான். அதுவும் நின்றது. மீதி இடத்தை வேகமாக முடித்துவிட்டு இறங்கினான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவன் மனைவி மலர் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, "கையில என்னாங்க? ஏன் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். வெள்ளைப் பூச்சு ஒட்டிக்கொண்டது, போகவில்லை என்றான். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தான். கடைசிப் பூச்சை அடிக்காமல் விட்ட கூரை ஒன்றுகூட அவன் கணக்கில் இல்லை. போனான்.

ஏணியின் மேல்படியில் தலை கூரைமட்டத்துக்கு வந்ததும் அப்படியே நின்றான்.

கொப்புளம் ஓர் ஆள் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. காலை பத்து மணி வெயில் அந்த வெள்ளையில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. தோட்டத்திலிருந்து பழுத்த அன்னாசியின் இனிப்பு வாடை வந்தது. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது. காற்றே இல்லை. கொப்புளம் எழுந்தது, தாழ்ந்தது. இடைவெளி விட்டு, மறுபடியும் எழுந்தது.

இறங்கிப் போய்ச் சாப்பாட்டு அறையில் நின்றான்.

"மேல என்ன இருக்கு, டீச்சர்?"

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர். மோகனதாஸ்" என்றார். "கட்டுப்பாட்டுக் காலத்துல, யாரும் வெளிய போகக்கூடாதுன்னு இருந்துச்சே, அப்ப. ஒழுகுதுன்னு தார் பூச மேல ஏறினார். அன்னைக்குக் காலையிலதான் என்னைச் சுவத்துல தள்ளி அடிச்சிருந்தார். புதுசு இல்ல. முப்பது வருஷமா நடக்கிறதுதான்." முழங்கையைத் தடவிக்கொண்டார். "கோவத்துல ஏணிய எடுத்து ஸ்டோர்ல வெச்சுட்டேன். ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கட்டும்னு. முட்டி தேஞ்சவர், குதிக்க முடியாது."

"அப்புறம்?"

"கத்தினார். என்னென்ன செய்வேன்னு சொல்லிச் சொல்லிக் கத்தினார். அதக் கேட்டுட்டு எப்படி ஏணிய வெப்பேன்? ராத்திரி மழை. மறுநாள் கத்தல. தட்டினார். இதே இடத்துக்கு மேல. நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்." நிமிர்ந்து பார்த்தார். "மூணு நாள், தம்பி. விழுந்து அடிபட்டு மேலயே கெடந்துட்டார்னு எல்லாருக்கும் சொன்னேன். யாரும் ஒண்ணும் கேக்கல."

பழுப்பு வட்டத்துக்குக் கீழே பேசின் காய்ந்து கிடந்தது.

"அவர் இறங்கி வராம இருந்தாப் போதும் எனக்கு. மூணாவது கோட்ட அடிச்சுட்டுப் போயிடுங்க."

மழைக்காக அந்த அம்மாள் தன்னைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் செல்லப்பனுக்கு உறைத்தது. வேலையைப் பாதியில் விட்டு எப்படிப் போவது என்று தெரியாததால், அடித்துவிட்டே போய்விடலாம் என்று ஏறினான். தூரத்துச் சுவரில் தொடங்கி, ஏணியை நோக்கிப் பின்வாங்கிப் பின்வாங்கி உருட்டினான். கொப்புளத்தைப் பார்க்காமல் அதன் மேலும் உருட்டினான். ரோலர் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. இன்னொரு மேடு. இரண்டு முழங்கால்கள். பிறகு வயிறு. நெஞ்சு. உருட்டினான். ஏணியின் பக்கத்தில், காலடி வைக்கும் அளவுக்கு மட்டும் காய்ந்த இடம் மிஞ்சியது. முடிந்தது. ரோலரை வாளியில் வைத்தான்.

அப்போது தட்டியது.

டொக். டொக். காலுக்கடியில் அல்ல. அங்கே, நடுவில்.

திரும்பினான். ஈரமான வெள்ளையின் கீழே ஒரு முகம் இருந்தது. மூக்கின் மேடு தெரிந்தது. அதற்குக் கீழே பூச்சு உள்வாங்கி ஒரு குழியானது. வெளியே உப்பியது. உள்வாங்கியது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மூச்சுத் திணறும் ஒருவனின் வாய். பக்கத்தில் ஐந்து விரல்கள் தோலைத் தள்ளின, ஓய்ந்தன, தள்ளின.

"தண்ணி" என்று கேட்டது. வேறு சொல்லாகவும் இருந்திருக்கலாம்.

கீழே அந்த நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் அந்த அம்மாள். அவனால் மூன்று நிமிடம் முடியவில்லை. அந்த வாயை அடைத்தது யார்? அவன்தான். அவன் கையால், மூன்று தடவை. ஆள் நல்லவனோ கெட்டவனோ, கண்முன்னால் ஒருவன் மூச்சுக்குத் தவிக்கிறான். செல்லப்பன் இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவிக்கொண்டு, பூசிய ஈரத்தின் மேலேயே பூட்ஸ் காலோடு நடந்தான். மண்டியிட்டான். வாய் இருந்த இடத்தில் நுனியை வைத்து நீளவாக்கில் அறுத்தான்.

ஒரு பெருமூச்சு. வெதுவெதுப்பான காற்று அவன் முகத்தில் அடித்தது. தார். சுருட்டு.

பூச்சு தொய்ந்து படிந்தது. உள்ளே யாரும் இல்லை. காய்ந்த சிமெண்டு மட்டும்.

அவனுக்கு அழுகை வந்தது, நிம்மதியில். ஆவி. வெறும் ஆவி. அலமாக், என்ன பயம்.

சளக்.

அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், ஈரமான வெள்ளையில், ஒரு பாதம் பதிந்தது. செருப்பில்லாத பாதம். ஐந்து விரல். பிறகு இன்னொன்று, ஓரடி தள்ளி. சளக். இன்னொன்று. அவசரமில்லாமல், நீண்ட நாள் படுத்திருந்தவர் நடப்பதுபோல, ஏணியை நோக்கிப் போயின.

காய்ந்த இடத்தில் இரண்டு வெள்ளைச் சுவடுகள்.

ஏணி நெளிந்தது. மேல்படி. அடுத்த படி. ஆள் கனத்தில் அலுமினியம் முனகியது. அடுத்த படி.

கத்த வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் ஏணியின் அசைவு நின்றுவிட்டது.

கீழே சமையலறைக் கதவு திறந்தது.

"முடிஞ்சுதா, தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

நாற்காலி தரையில் உரசியது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. தோட்டத்தில் ஒரு குருவி கத்திவிட்டு நிறுத்தியது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கு நினைவில்லை. படிகளில் எல்லாம் வெள்ளை. சமையலறைத் தரையில் வெள்ளைப் பாதங்கள். சாப்பாட்டு அறை வரைக்கும் போயின. திரும்பி வரவில்லை.

டீச்சர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. கைகள் மடியில் இருந்தன. முகம் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே வழவழப்பான வெள்ளை. காதோரம் இரண்டு பக்கமும் பெரிய கைகளின் தடம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சு உள்வாங்கியது. உப்பியது. உள்வாங்கியது.

"டீச்சர்."

மடியிலிருந்த விரல் ஒன்று அசைந்தது.

அவன் ஓடிப்போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, கத்தியின் நுனியை வாயில் வைத்து அறுத்தான். இழுத்து உரித்தான். ரப்பர்போலக் கழன்று வந்தது.

அடியில் வெள்ளை.

அறுத்தான். உரித்தான். அடியில் வெள்ளை. வழவழப்பாக, ஈரமாக.

மூன்றாவது. நான்காவது. உரித்த தோல்கள் தரையில் அவன் பூட்ஸைச் சுற்றிக் கிடந்தன. வாய் மெல்ல உள்வாங்கியது. காத்திருந்தான். மெல்ல உப்பியது, முன்னைவிடக் குறைவாக.

அவன் அடுத்ததில் கத்தியை வைத்தான்.