முட்டை வண்டியின் குரல்

அம்மா இறந்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் இஞ்சியோன் நகரத்துச் சந்துகளில் அவள் குரல் தினமும் முட்டை விற்றுக்கொண்டிருந்தது.

"முட்டை வந்திருக்கு, முட்டை! புத்தம் புது முட்டை!"

அப்பாவின் பழைய வண்டிக் கூரையில் ஒலிபெருக்கி இருந்தது. அதற்காக அம்மா டேப்பில் பேசிப் பதிவு செய்தபோது, கைக்குழந்தையாக இருந்த தம்பி மாரு நடுவில் வீறிட்டு அழுதானாம். "இருடா, வரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா தொடர்ந்தாளாம். அதை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. சந்தில் எல்லோருக்கும் அந்த அழுகை மனப்பாடம்.

கொஞ்ச நாளாக ஒலிபெருக்கியைப் போட்டாலே பியூஸ் போய்விடுகிறது. புதிது மாட்டினாலும் அதே கதைதான். அன்று காலை அப்பா பொறுமை இழந்து, சூயிங்கம் சுற்றியிருந்த வெள்ளித்தாளை எடுத்தார். எரிந்துபோன பியூஸின் மேல் அதைச் சுற்றி மாட்டினார்.

"அப்படிச் செய்யலாமாப்பா?" என்று கேட்டாள் மூத்தவள் தாசோம்.

"எல்லா டிரைவரும் பண்றதுதான். உங்கம்மா குரல் கேட்டாப் போதும் எனக்கு."

கேட்கத்தான் செய்தது. இரண்டு சந்து தாண்டியதும் பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து மெல்லிய புகை கிளம்பியது. தம்பி மாரு இருக்கையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, வண்டியை நிறுத்துங்க! இன்ஜினை அணைங்க!"

தாசோம் தம்பியை வாரிக்கொண்டு கீழே குதித்தாள். அப்பா ஓடிப்போய் பேட்டரி ஒயரைக் கழற்றினார். புகை அடங்கியது. ஒலிபெருக்கி ஒயரின் மேலுறை உருகி, உள்ளே செம்புக் கம்பி பல்லிளித்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒயர்ல இன்சுலேஷன் டேப் ஒட்டி, இன்னொரு வெள்ளித்தாள் வச்சா, இந்தத் தெரு முடியுற வரைக்கும் தாங்காதா?"

தாசோமுக்கும் ஆசைதான். அம்மா குரல் இல்லாத தெருவை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் மாருவின் தலை அவள் தோளில் கனத்தது.

"வேணாம்ப்பா. ஒயர் கெட்டுப்போச்சுன்னு சொல்லத்தானே பியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு? நாமதான் அதைச் சொல்ல விடல. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா அம்மாவோட டேப்பு வெந்திருக்கும். மாருவும்..."

அவள் தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்பா அம்மாவின் டேப்பை வெளியே எடுத்தார். சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"புது ஒயர் போடுற வரைக்கும் நீயே வச்சுக்கோ. முட்டையைத்தான் எப்படி விக்கிறதுன்னு தெரியல."

தாசோம் டேப்பைப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். கூச்சத்தோடு குரல் கொடுத்தாள்.

"முட்டை வந்திருக்கு, முட்டை!"

மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. "என்னம்மா, இன்னிக்குக் குரல் மாறிப்போச்சு?"

"பியூஸ் போயிடுச்சு அத்தை. இன்னிக்கு நான்தான்."

அவள் மறுபடி கூவினாள். டேப்பில் மாருவின் அழுகை வரும் இடம் வந்ததும் பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். ஜன்னலில் நின்ற அத்தையும் காத்திருந்தாள்.

தூக்கம் கலைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற மாரு வாயை அகலத் திறந்தான்.

"ங்ஙே!"

அப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருடா, வரேன்" என்றாள் தாசோம். பிறகு முட்டையைக் கூவி விற்கத் தொடங்கினாள்.